பதில் பேசாத எல்லம்மா

"நீங்களா குதிச்சீங்களா, தவறி விழுந்தீங்களா? அதை மட்டும் சொல்லுங்க, எல்லம்மா" என்றார் வக்கீல் கலைவாணி.

"விழுந்தேம்மா. ஏறச்சொல்ல வண்டி குலுங்குச்சு. கால் வழுக்கிடுச்சு."

"தவறி விழுந்திருந்தா, யார் மேல தப்புன்னே பார்க்காம ரயில்வே நஷ்டஈடு தரணும். தானா குதிச்சிருந்தா ஒரு பைசா கிடையாது. பிளாட்பாரத்துல இருந்தவங்க, குதிச்ச மாதிரிதான் இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

மாவுக்கட்டு பிரித்த காலை ஸ்டூலில் நீட்டியிருந்தாள் எல்லம்மா. இறால் பிடிக்க அந்தக் கால் இனி ஏரிச் சேற்றில் ஊன்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்தில் அவள் புருஷன் கருப்பன், தினத்தாளை மடித்து அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தான். மேலே மின்விசிறி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

"குதிச்சான்னு எதை வெச்சு சொல்றாங்க?" என்றான்.

"நீங்க கண்டபடி திட்டினீங்களாம். இவங்க பதிலே பேசலையாம். விழும்போதுகூட 'ஐயோ'ன்னு கத்தலையாம்."

தினத்தாள் விசிறி நின்றது.

"நெஜந்தாம்மா. என் சைக்கிளை அவ தம்பிக்குக் குடுத்துட்டாளேன்னு, ரயில் ஏற வந்தவளை நிக்க வெச்சுத் திட்டினேன். நான் ஒண்ணு சொன்னா ஒம்போது சொல்றவம்மா இவ! அன்னிக்கு வாயே தொறக்கல. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்."

மூன்று மாதமாகக் கருப்பன் குரலை உயர்த்தவில்லை. சோறாக்கினான். துணி துவைத்தான். அவளுக்குத் தலைகூட வாரிவிட்டான். வகிடுதான் ஏரிக்கரை மாதிரி வளைந்து போனது.

"துட்டு வராட்டி போவுது வக்கீலம்மா. என்னாலதான் குதிச்சாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. எனக்குக் கேக்க தைரியம் இல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஏன் கத்தலை, எல்லம்மா?"

எல்லம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்த ரயில் டிக்கெட் ஒன்றை மேஜைமேல் வைத்தாள். அதில் பல் பதிந்திருந்தது.

"தலைமேல இறால் கூடைக்கு ஒரு கை, நண்டுப் பைக்கு ஒரு கை. ஏரியில ரெண்டு கையாலயும் இறால் தடவச்சொல்ல, புடிச்சதைப் போடற ஓலைப் பறியைப் பல்லால கடிச்சிக்குவோம். அந்தப் பழக்கத்துல டிக்கெட்டைக் கடைவாயில கடிச்சிக்கினேன். வாயைத் தொறந்தா பறந்துடாதா? ஆஸ்பத்திரியில நர்சம்மாதான் எடுத்தாங்க. வாயில டிக்கெட் இல்லாட்டி அன்னிக்கு இந்த ஆளைச் சும்மா வுட்டிருப்பனா?"

"அடிப்பாவி! மூணு மாசமா இதை ஏண்டி சொல்லல?"

"நீ கேட்டியா? திடீர்னு இப்டித் தாங்கறியே, இந்த வயசுல என்மேல ஆசை வந்துடுச்சாக்கும்னு நெனச்சேன்யா!"