இன்னும் உள்ளே

“வாசப்படியில நின்னு ‘போயிட்டு வர்றேன்’னு சொன்னாத்தான், நாம வெளிய போனதா இந்த வீடு எழுதிக்குமாமுங்க,” என்றாள் துளசிமணி.

“சரி புள்ள. உங்கிட்டச் சொல்லாட்டியும் அதுகிட்டச் சொல்லிட்டே போறேன்,” என்று சிரித்தார் அவள் கணவர் நாச்சிமுத்து.

தூக்கத்திலேயே இறந்துபோனவரை நான்கு பேர் தூக்கிச் சென்றபோது, அதைச் சொல்ல அவரால் முடியவில்லை. இரண்டு வருடங்களாகியும் வீட்டை நடத்தும் கணினியின் பதிவில் அவர் பெயருக்கு நேரே ‘இன்னும் உள்ளே’ என்றே இருந்தது. விடிந்தால் அவருக்கும் சேர்த்து வெந்நீர் காயும். அவர் அறையில் மின்விசிறி சுழலும். ‘இருவரும் வீட்டில் இருக்கிறீர்கள்’ என்று மாலையில் வீடு சொல்லும்போது துளசிமணிக்கு முதுகு சிலிர்க்கும். கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கும். பதிவிலிருந்து அவர் பெயரை நீக்க அவள் யாரையும் விடவில்லை.

போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தவள், பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்க்கும்வரை அரைநாள் அங்கேயே கிடந்தாள். துணைக்கு ஆள் இருப்பதாகப் பதிவு சொன்னதால் வீடு யாரையும் அழைக்கவில்லை.

சேதி கேட்டு பெங்களூரிலிருந்து ஓடி வந்த மகள் கவின்மலர், இன்று திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“அப்பா உங்களைப் பாத்துக்குவார்னு வீடு நம்பிட்டிருக்கும்மா. இந்தத் திரையில நீங்க விரல் வெச்சா அவர் பேரை எடுத்திரலாம்.”

துளசிமணி திரையில் விரலை வைத்தாள். உள்ளறையில் மின்விசிறி வேகம் குறைந்து, நின்றது. அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை.

“உனக்குப் பாரமாயிருவேன்னு இத்தன நாளா கேக்கல கண்ணு. என்னையும் உங்கூடக் கூட்டிட்டுப் போயிரு.”