மதுவந்தியின் விருந்தாளி

"இந்தக் காதல் கேம்ல தோத்த ரெண்டு பேருமே செத்துட்டாங்கடா," என்றான் பிரவுசிங் சென்டர் சபேசன்.

"உனக்குப் பொறாமை," என்று சிரித்தான் கோகுலகிருஷ்ணன். செராமிக் கம்பெனியில் சூளை வேலை. வெள்ளிக்கிழமை அவனுக்குக் கல்யாணம்.

கம்ப்யூட்டர் திரையில் கேமின் நாயகி மதுவந்தி கூந்தலை அவிழ்த்தபடி நெருங்கி வந்தாள். அவள் கேட்டதற்கெல்லாம் சரியான பதிலையே தேர்ந்தெடுத்தான். கடைசிக் கட்டத்தில் அவன் அவள் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். இரண்டே வழிகள்: 'சொல்லாமல் போ', 'போயிட்டு வரேன்.'

"பொண்ணுகிட்ட சொல்லாம போறவன் மனுசனா?" என்றபடி இரண்டாவதை அழுத்தினான்.

காட்சி மாறியது. நடுவீட்டில் மாலையோடு கிடந்தாள் மதுவந்தி. தலைமாட்டில் விளக்கு எரிந்தது.

"சாவு வூட்டுல யாருடா அப்படிச் சொல்லிட்டுக் கெளம்புவான்?" என்றபடி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான் சபேசன்.

மதுவந்தி மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"சீக்கிரம் வந்துடுங்க."