மேலே வராத பெடல்

"மூணாவது தடவையா வர்றே. இன்னிக்காவது முடிப்பியா, இல்ல பாய் தலகாணியோட இங்கயே குடியேறப் போறியா?"

காரின் சொந்தக்காரரான பெரியவர் பக்கத்தில் நின்று மெக்கானிக்கை விரட்டிக்கொண்டிருந்தார். அவனுடைய கால்கள் காரின் முன்கதவு வழியே வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தலையும் தோளும் ஸ்டியரிங்குக்கு அடியில் செருகிக் கிடந்தன. காலையிலிருந்து வண்டி வண்டியாகக் குனிந்து குனிந்து முதுகு விண்விண்ணென்று தெறித்தது.

காலால் மிதிக்கிற பார்க்கிங் பிரேக். இடது ஓரத்தில் சின்னதாக ஒரு பெடல். மிதித்தால் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். மேலே இருக்கும் பிடியை இழுத்தால் டக்கென்று எழும்பி வர வேண்டும். இது வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. இறங்கியது இறங்கியதுதான். பின்சக்கரம் இரண்டும் கல்லாகிவிடும்.

முதல் இரண்டு தடவையும் எண்ணெய் அடித்து, தட்டிக் கொட்டி விட்டுப் போயிருந்தான். கொஞ்ச நாள் ஓடிவிட்டு மறுபடி மக்கர் செய்தது. இன்றைக்குப் புதுக் கேபிளும் ஸ்பிரிங்கும் கையோடு கொண்டுவந்திருந்தான்.

"எனக்கு வண்டி வேணும், ஆமா! கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு!" என்று பெரியவர் கத்தினார். வீட்டு வாசலில் அவர் மகள் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள்.

"கேபிள் மாட்டியாச்சு சார். ஏறி உக்காந்து ஒரு மிதி மிதிச்சுப் பாருங்களேன்" என்றான் மெக்கானிக், வெளியே ஊர்ந்து வந்து.

"நீயே பாரு. எனக்கு முழங்கால் வலி."

"அப்பா, உள்ள உங்க போன் அடிக்குது" என்றாள் மகள். பெரியவர் காரின் பக்கவாட்டைக் கையால் தடவிக்கொண்டே நடந்து, படியேறி உள்ளே போனார்.

அவர் தலை மறைந்ததும் அவள் செம்பை நீட்டினாள். குரல் தாழ்ந்தது. "அண்ணா, சரியாயிடுச்சா?"

"ஆன மாதிரிதான்ம்மா. ஸ்பிரிங் ஒண்ணு மாட்டிட்டா இனிமே ஆயுசுக்கும் தொந்தரவு இல்ல."

நல்ல செய்தி கேட்ட முகமாக இல்லை அது. "மாட்டாதீங்கண்ணா" என்றாள்.

செம்பை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றான்.

"போன தடவ நீங்க சரி பண்ணிட்டுப் போனீங்கல்ல? மறுநாளே என் பாப்பாவ ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வரும்போது அப்பா செவப்பு லைட்ட தாண்டிப் போயிருக்காரு. லாரிக்காரன் பிரேக் போட்டதால பொழச்சாங்க. பாப்பா வந்து என்கிட்ட சொல்லிச்சு. அவரு ஒரு வார்த்த சொல்லல."

"அப்ப ஓட்டாதீங்கப்பான்னு நீங்களே சொல்லிடலாமேம்மா. எதுக்கு என்னக் கூப்பிட்டீங்க?"

"தினம் என் காதுபட அந்தப் பொலம்பு பொலம்பினாரு. கூப்பிடலன்னா சந்தேகம் வந்துடும்ணா." புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வேலையிலிருந்து வந்து உடைகூட மாற்றியிருக்கவில்லை. "அம்மா போனப்புறம் அவருக்குன்னு இருக்கறது இந்த வண்டி ஒண்ணுதான். அதையும் நான் பிடுங்கிட்டேன்னு ஆயிடுமேண்ணா. பல தடவ வாய் வரைக்கும் வந்துடுச்சு. அவரு முகத்தப் பாத்ததும் முழுங்கிட்டேன். நீங்க சொன்னா நம்புவாரு."

சரி பண்ணிக்கொடு என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியவர்களை அவன் பார்த்திருக்கிறான். பண்ணாதே என்று கெஞ்சுகிறவளை இப்போதுதான் பார்க்கிறான். இரண்டு பேருக்கு நடுவில் இப்படி மாட்டிக்கொண்டோமே என்று அலுப்பாக இருந்தது. ஆனாலும் அந்தக் குழந்தையும் லாரியும் கண்ணுக்குள்ளேயே நின்றன. கையிலிருந்த ஸ்பிரிங்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"போன்ல யாரும் இல்லையே!" என்றபடி பெரியவர் இறங்கி வந்தார்.

"கட்டாயிருக்கும்ப்பா" என்று சொல்லிவிட்டு மகள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

மெக்கானிக் பழைய துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, முடிந்த வேலையை முடியாது என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

"சார்... கோவிச்சுக்காதீங்க. நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். இந்த பிரேக் இனிமே சரிப்பட்டு வராது சார். இதுக்கு சாமான் எங்கயும் கெடைக்கறதில்ல. வண்டிய எடுக்காம நிறுத்திடறதுதான் நல்லது."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றான். இப்போது காது கிழியப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

திட்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தான். பெரியவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்திருந்தார். வெகுதூரம் சுமந்து வந்த மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

"நெசமாவா?" என்றார். பிறகு வீட்டு வாசல் பக்கம் தலையைத் திருப்பி, அங்கே யாரும் இல்லை என்று நிச்சயம் செய்துகொள்வது போலக் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தார். அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"இத அவ காதுல விழற மாதிரி இன்னொரு தடவ சத்தமா சொல்லு தம்பி. எனக்குக் கண்ணு தெரியலங்கறத என் வாயால அவகிட்ட சொல்ல முடியல."