சனிக்கிழமை எண்ணெய்

ஆறுதல் பட்டையைக் கழுத்தில் ஒட்டிக்கொண்டால், எதைப் பேசினாலும் மனம் வலிக்காது. மனநல ஆலோசகர் குமுதவல்லியிடம் வருகிற எல்லோரும் அதை ஒட்டிக்கொண்டுதான் பேச வேண்டும். அது விதி.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஆவுடையப்பன் நாற்பது வாரமாக வருகிறார். காதல் கல்யாணம் செய்துகொண்ட மகளை வீட்டுக்குள் விடாத கதையைச் சிரித்த முகமாகவே சொல்வார். "என் மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்று முடிப்பார்.

இந்தச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தார். பேச்சின் நடுவே பட்டை வழுக்கிக் கீழே விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"கதவத் தட்டிக்கிட்டே நின்னா. நல்ல மழை. நான் டிவி சத்தத்தக் கூட்டி வச்சேன்..." நெற்றி வியர்த்தது. "என்னமோ பண்ணுதும்மா."

மழையும் டிவியும் இதற்கு முன் அந்தக் கதையில் வந்ததே இல்லை. அடுத்து என்ன வருமோ என்று குமுதவல்லிக்கு ஆவலாக இருந்தது. ஆனாலும் விதி விதிதான். குனிந்து பட்டையை எடுத்தாள்.

"விழுந்துருச்சுங்க. ஒட்டி விடட்டுமா?"

ஆவுடையப்பன் கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்கம்மா. அன்னைக்கு அவ கையில குடை இருந்துச்சான்னு யோசிக்கிறேன்."