மடுவத்துத் தராசு

"நல்லா இருந்த மெஷின நாசமாக்கிட்டியேய்யா! நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?"

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் வாசலிலேயே, தோட்டத்துத் தேயிலை ஆலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் தர்மலிங்கம் ஜமால்தீனைப் பிடித்துக்கொண்டார். மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கக்கூட விடவில்லை.

ஜமால்தீனுக்குத் தலைக்கு மேல் ஏறியது கோபம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வருவதற்குள் சோதனைச்சாவடிக்காரர்கள் அவன் பையைத் தரையில் கொட்டி, வயரையும் சர்க்யூட் கார்டையும் காட்டி, குண்டு செய்கிறவனை விசாரிப்பதுபோல் விசாரித்திருந்தார்கள். அதற்கு மேல் இந்த வசவு வேறு.

கொழுந்து நிறுக்கும் அந்த எலக்ட்ரானிக் தராசு வெள்ளைக்காரன் நாட்டுச் சரக்கு. செய்த கம்பெனியே மூடிப் பல காலமாகிறது. போன கிழமை அது அணைந்துபோனபோது, செத்த டீவி ஒன்றிலிருந்து பாகம் கழற்றிப் பற்றவைத்து, முத்திரை குத்திய படிக்கல்லை ஏற்றிச் சரிபார்த்து, உயிர் கொடுத்தவன் அவன்தான்.

"இன்னிக்கே சரியாகணும். இல்லேன்னா இந்தப் பக்கத்துல எந்தத் தோட்டத்துலயும் நீ காலு வைக்க முடியாது, பாத்துக்க!"

ஜமால்தீன் பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைக் கழற்றினான். பறித்த கொழுந்துக் கூடையோடு நின்ற நேசம்மா ஒரு கோப்பை பிளேன்டீயை நீட்டினாள்.

"குடிங்க நானா. நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து எனக்கு அரைப்பேரே விழல."

கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் சம்பளம்தான், அதுதான் அரைப்பேர். இருந்த எரிச்சலில் அவள் பேச்சு அவன் காதில் ஏறவில்லை.

கார்டில் ஒரு கோளாறும் இல்லை. இருபது கிலோப் படிக்கல்லைத் தூக்கி வைத்தான். சிவப்பு எழுத்தில் இருபது. இறக்கிவிட்டு மறுபடி வைத்தான். இருபதேதான்.

"சரியாத்தானே இரிக்கி ஸேர்! எங்க பழுது? காட்டுங்க பாப்பம்!" என்று கத்தினான்.

தர்மலிங்கம் நேசம்மாவை அப்பால் போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சரியாக் காட்டுறதுதான்யா பழுது. முன்னயெல்லாம் இருபதுக்குப் பதினேழுதான் காட்டும். பழைய மாதிரியே ஆக்கிக் குடு."

ஜமால்தீன் மூடியைப் போட்டான். திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கிவிட்டு எழுந்து, கொழுந்து நிறுக்க வாசலில் நின்ற பெண்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னான்.

"பழைய மெஷின் ஸேர். இருபதுக்குப் பதினேழு காட்டுற பார்ட்ஸ் இப்ப எங்கயும் வாறதில்ல!"