தட்டைத் தொட்ட கை

நான், என் மகன் பச்சையப்பன், மருமகள் மங்களம், பேத்தி நிஷா. எதிரே மாப்பிள்ளை லோகேஷ், அவன் அப்பா அய்யாசாமி, அம்மா சாமுண்டீஸ்வரி. போட்டோ எடுக்க ஜஸ்டின். நிச்சயத்தன்று எங்கள் கள்ளிக்குப்பம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

கழிவறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. குழாய்ச் சத்தம் கேட்கவில்லை.

பச்சையப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்தான். நேராகத் தாம்பூலத் தட்டைத் தூக்கினான். சரிந்திருந்த வெற்றிலையை விரலால் நீவி அடுக்கினான்.

போன மாதம் இவனுக்கு வயிற்றில் பூச்சி. பேரன் எடுக்கிற வயதில். இவனால் வீட்டில் எல்லோரும் மாத்திரை விழுங்கினோம். பூச்சியின் முட்டை கண்ணுக்குத் தெரியாது, நகத்தடியில் ஒட்டிக்கொண்டு தாழ்ப்பாள், தம்ளர், டிவி ரிமோட் என்று வீடு முழுக்கப் போகும், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று டாக்டர் சொன்னார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப்போல. பக்கத்தில் நின்று நானும் அதைக் கேட்டுத் தொலைத்தேன்.

அய்யாசாமி வெற்றிலை போடுகிறவர். தட்டு கைமாறியதும் ஒன்றைக் கிள்ளி வாயில் வைப்பார்.

என் வீட்டுச் சீராக இதுவா போக வேண்டும்?

"தட்ட கீழ வெச்சிட்டு, போய்க் கை கழுவிகினு வா," என்றேன்.

"சபையில இன்னாப்பா இது? என் கை சுத்தமாத்தான் கீது."

நிஷா என்னைப் பார்த்தாள். லோகேஷைத்தான் கட்டுவேன் என்று வருஷக்கணக்காகப் போராடிச் சம்மதம் வாங்கியவள். அவள் முகம் வெளுத்திருந்தது. சொன்னதை நான் திரும்ப வாங்கவில்லை.

பச்சையப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தட்டை வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வாஷ்பேசின் வாசலுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது.

மங்களம் எழுந்தாள். குழாய் வெகுநேரம் ஓடியது. அந்த வெற்றிலையைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுக் கட்டைப் பிரித்து வைத்தாள். அய்யாசாமி தன் கையை ஒருமுறை பார்த்தார். அவரும் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். மங்களமே சம்பந்திகளோடு தட்டு மாற்றிக்கொண்டாள்.

போட்டோவில் பெண்ணின் அப்பா இல்லை. நகைத் தகராறாம், கோபித்துக்கொண்டு பாரிவாக்கத்தில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டானாம். தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

நகைப் பேச்சே எழவில்லை. அவன் எங்கும் போகவுமில்லை. கடைசி போட்டோ எடுக்கும்வரை வாசலில்தான் நின்றிருந்தான்.

கை கழுவவில்லை.