கடைசி டீசல் படகு

"மத்த குப்பமெல்லாம் ஒத்துக்கிச்சு. உங்க ஒருத்தர் புகையால இந்த ஊர் மட்டும் விடுபட்டுப் போகணுமா?"

மரக்காணத்தை அடுத்த கடலோரக் குப்பம். புயல் பாதுகாப்புக் கூடத்தில் ஊரே கூடியிருக்க, பிரான்சிஸ் கேட்ட கேள்விக்குப் பச்சமுத்து தலை நிமிரவில்லை.

பிரான்சிஸ், திண்டிவனத்துத் தொண்டு நிறுவனம் ஒன்றின் அலுவலர். தமிழகக் கரையும் புதுச்சேரிக் கரையும் கைகோத்துப் பேட்டரிப் படகுக்கு மாற வேண்டும் என்று ஊர் ஊராக அலைந்தவர். நாளைக்குப் பெரிய கப்பல்களே டீசலை உதறப் போகின்றன, நாம் முந்திக்கொள்வோம் என்பது அவர் ஓதும் வேதம். ஒரு டீசல் படகு மிஞ்சினாலும் அந்த ஊருக்கு இந்தக் கூட்டு ஒப்பந்தத்தில் இடமில்லை. இங்கே மிஞ்சியது பச்சமுத்துவின் படகுதான்.

"எதுக்குங்க இன்னும் அந்த இஞ்சின்?"

"அவசரத்துக்கு இருக்கட்டும்னுதாங்க."

"யாருக்கு அவசரம்?"

"கடல்ல நடந்ததைக் கரையில பேசறது எங்க வழக்கமில்லீங்க."

கூடம் சிரித்தது.

"பழைய டப்பாவைக் கட்டிக்கினு அழுவுறான் சார். இவனால ஊருக்கே பேஜாரு" என்றார் ஊர்த்தலைவர் வெற்றிவேல். பச்சமுத்துவின் படகை இனிக் கடலில் இறக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதச் சொன்னவரும் அவரே.

அப்போது வெற்றிவேலின் கைபேசி ஒலித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவர், பச்சமுத்துவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். பச்சமுத்து சட்டென எழுந்து, யாரையும் பாராமல் வெளியேறினார்.

பிரான்சிஸின் மனம் கசந்தது. சபை நடுவே எழுந்து போகிறவருக்கு ஊர் என்ன, ஒப்பந்தம் என்ன! குடம் பாலில் துளி விஷம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

சற்று நேரத்தில் கரையிலிருந்து டீசல் இஞ்சின் இருமும் சத்தம் எழுந்தது. சன்னல் வழியே புகை நெடி வந்தது.

"பார்த்தீங்களா? நாம பேசும்போதே எடுத்துக்கினு போறாரு. தடை இன்னிக்கே அமலுக்கு வரணும். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் பிரான்சிஸ்.

கூடம் முழுவதும் கைகள் உயர்ந்தன. வெற்றிவேலின் கை மட்டும் பாதியிலேயே நின்றது.

"நாளையிலேர்ந்து வச்சிக்கலாம் சார்" என்றார் மெதுவாக.

"ஏன், இன்னிக்கு என்ன?"

வெற்றிவேல் கையை இறக்கினார். உயர்ந்த கைகளும் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

பின்வரிசையிலிருந்து வெற்றிவேலின் மனைவி குப்பம்மாள் எழுந்தாள்.

"பேட்டரி இறங்கிப்போய் எம்புள்ள நடுக்கடல்ல நிக்கறான் சார். எப்பவும் போல பச்சமுத்து அண்ணன்தான் கயிறு கட்டி இழுத்தாரப் போயிருக்காரு. அவங்க கரை சேரட்டும், அப்புறம் எல்லாருமா கை தூக்கிடறோம்."